குளிசை பாதி, பழக்கம் பாதி

பிரஷரையும் சீனி வியாதியையும் நாமே கவனித்துக்கொள்வது எப்படி?

"எனக்குப் பிரஷர், சீனி ரெண்டும் இருக்கு." பெண்கள் நான்கு பேர் கூடும் இடத்தில் இன்று அடிக்கடி கேட்கும் பேச்சு இது. யுத்தம், இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம் என எல்லாவற்றையும் தாங்கிப் பிள்ளைகளை ஆளாக்கிய பெண், சற்று மூச்சு விடலாம் என்று நினைக்கும் வயதில் இந்த இரு நோய்களிடம் அகப்பட்டுக்கொள்கிறாள். ஷெல்லுக்கும் பட்டினிக்கும் தப்பியவள் உப்புக்கும் சீனிக்கும் தோற்றுப்போவதா?

நான் சமூகப் பணியாளராக வேலை செய்யும் வத்தேகம, கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில் உள்ள சிறு நகரம். அங்கிருந்து பன்வில, மடுல்கலைப் பக்கமாக மேலேறினால் தேயிலைத் தோட்டங்கள். 1977, 1983 வன்செயல்களின் போது மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் உயிரைக் காக்க வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. யுத்தம் அவர்களை அங்கும் நிம்மதியாக இருக்க விடவில்லை. 2009க்குப் பின் சிலர் உறவினரைத் தேடி மீண்டும் மலைக்கே வந்தனர். எமது மகளிர் குழுக்களில் அப்படித் திரும்பி வந்தவர்களும் உண்டு, மலையை விட்டு ஒருபோதும் போகாதவர்களும் உண்டு, சிங்கள, முஸ்லிம் சகோதரிகளும் உண்டு. எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மிஸ், மருந்து இல்லாம இதக் குறைக்க ஏலாதா?"

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். சுருக்கமாகச் சொன்னால், பெருமளவு குறைக்க முடியும். ஆனால் குளிசையைத் தூக்கி எறிந்துவிட்டு அல்ல. குளிசை செய்யும் வேலை பாதி, நாம் செய்யும் வேலை பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் நோய் அடங்கும்.

சத்தம் போடாத நோய்கள்

குருதி அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது உயர் குருதி அமுக்கம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவின் வாசலில் நிற்கிறோம் என்று பொருள். இந்த வாசலிலிருந்து திரும்பி வர முடியும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

இலங்கையில் 2005-2006இல் நடந்த ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10 பேருக்கு ஒருவர் என்ற அளவில் நீரிழிவு காணப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. 2018-2019இல் நடந்த தேசிய ஆய்வில் இது 100க்கு 23 ஆகியிருந்தது. இது இனிப் பணக்கார வியாதி அல்ல. லயத்திலும், வீட்டுத்திட்ட வீட்டிலும், தகரக் கொட்டிலிலும் இருக்கிறது.

"தலையிடிச்சாத்தான் பிரஷர் குளிசை போடுவேன்" என்று பலர் சொல்வதுண்டு. இது ஆபத்தான பழக்கம். பெரும்பாலானோருக்குப் பிரஷர் கூடினாலும் தலையிடிப்பதில்லை, எதுவுமே தெரிவதில்லை. சீனியும் அப்படித்தான். சத்தமில்லாமல் கண்ணையும், சிறுநீரகத்தையும், இதயத்தையும், கால் நரம்பையும் அரித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். பெண் தலைமைத்துவக் குடும்பம் ஒன்றில் தாய் படுக்கையில் விழுந்தால் என்னவாகும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் மூத்த மகளின் பள்ளிப் படிப்பு அன்றோடு நின்றுவிடுகிறது.

மனப் பாரமும் உடற் பாரமும்

பயமும் துக்கமும் நீண்டகாலம் நீடித்தால் உடல் எப்போதும் ஓடத் தயாராக இருப்பது போன்ற நிலையிலேயே இருக்கும். அப்போது சுரக்கும் அட்ரினலின், கோர்ட்டிசோல் போன்ற ஓமோன்கள் இதயத் துடிப்பைக் கூட்டும், இரத்தக் குழாய்களை இறுக்கும், ஈரலிலிருந்து சீனியை இரத்தத்துக்குள் விடும். பங்கருக்குள் ஓடுவதற்கு இது உதவியது. ஓட வேண்டிய தேவை முடிந்த பின்னும் உடல் அதை மறக்காமல் இருப்பதுதான் பிரச்சினை.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் மேற்கொள்ளப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில் 100 பேரில் 32 பேருக்குப் பதகளிப்பும், 22 பேருக்கு மனச்சோர்வும், 7 பேருக்கு யுத்த நெருக்கீட்டுப் பாதிப்பும் இருந்தமை தெரியவந்தது. இப்படியான மனநிலையில் உள்ளவருக்குச் சமைக்க மனம் வராது, நடக்க மனம் வராது, கிளினிக் திகதியும் மறந்துபோகும். மனமும் உடலும் ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் தொடங்கியது. வீதியோரக் கொட்டில்களில் வெயிலிலும் மழையிலும் இருந்த அந்த அம்மாமாரில் பலர் நோயாளிகள். பதில் கிடைக்காமலே கண் மூடியோரும் பலர். நீதி கேட்பவள் உயிரோடு இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்வது பிள்ளையை மறப்பது ஆகாது.

ஆனாலும் கவலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை, உடல் நிறை, உணவு, நித்திரை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. கவலையை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் உப்பையும் சீனியையும் இன்றைக்கே மாற்றலாம். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பழக்கத்துக்கு உண்மையில் பலன் உண்டா?

உண்டு. நமக்குப் பக்கத்திலுள்ள சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு நடையும் உணவு மாற்றமும். மூன்றாம் பிரிவுக்கு மெட்போர்மின் குளிசை. நான்காம் பிரிவுக்கு இரண்டும். மூன்று வருடத்தில் முதற் பிரிவில் 100க்கு 55 பேர் நீரிழிவுக்காரரானார்கள். நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களில் 39 பேர்தான். குளிசை மட்டும் எடுத்தவர்களில் 40 பேர். அதாவது நோய் வருவதைத் தள்ளிப்போடுவதில் பழக்கம் குளிசைக்குச் சமமாக வேலை செய்தது. அவர்களும் எம்மைப் போலச் சோறு சாப்பிடும் மக்கள்தான்.

பிரஷருக்கும் இப்படியொரு சான்று உண்டு. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் ஆகியவை நிறைந்த உணவை 8 வாரம் சாப்பிட்டவர்களில், உயர் குருதி அமுக்கம் இருந்தோருக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி குறைந்தது. ஒரு குளிசை செய்யும் வேலைக்கு இது குறைந்ததல்ல. நிறை கூடியவர் ஒரு கிலோ குறைத்தால் ஏறக்குறைய ஒரு புள்ளி குறையும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

உப்பு: பைக்கற்றில் திகதி எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பு. அது ஒரு மட்டத் தேக்கரண்டி. ஆனால் சமைக்கும்போது யார் அளந்து போடுகிறார்கள்? ஆகவே எமது குழுவில் வேறு வழி சொல்கிறோம். 400 கிராம் உப்புப் பைக்கற்றை உடைக்கும் நாளில் அதன் மேல் திகதியை எழுதுங்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம். பைக்கற்று 20 நாளுக்கு மேல் வரவேண்டும். கருவாடு, பாண், பிஸ்கட், சூப் கட்டி ஆகியவற்றிலும் உப்பு இருப்பதால் இன்னும் அதிக நாள் வந்தால்தான் சரி. பத்து நாளில் முடிந்தால் வீடு முழுக்க இரண்டு மடங்கு உப்புச் சாப்பிடுகிறது.

சோறு வடிக்கும்போதும், பிட்டு, ரொட்டிக்கு மாப் பிசையும்போதும் உப்பை விடலாம். கறியில் இருக்கும் உப்பே போதும். தேசிக்காய், புளி, மிளகு, கறிவேப்பிலை, உள்ளி, இஞ்சி ஆகியவை உப்புக் குறைந்தது தெரியாமல் நாக்கை ஏமாற்றும். கருவாட்டை நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். அதுவும் எப்போதாவது மட்டும். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

சீனாவின் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21 ஆயிரம் பேரிடம் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பொட்டாசியம் கலந்த உப்பைப் பாவித்தவர்களிடையே பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. அப்படியான உப்பு கடையில் கண்ணில் பட்டாலும் டொக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவருக்கும், சில வகைப் பிரஷர் குளிசை எடுப்பவருக்கும் பொட்டாசியம் கூடினால் ஆபத்து. வவுனியா போன்ற சிறுநீரக நோய் பரவலாக உள்ள பகுதிச் சகோதரிகள் இதை விசேடமாகக் கவனிக்கவும்.

சீனியும் சோறும்

ஒருநாள் குழுவில் எல்லோருமாகத் தேத்தண்ணிக் கணக்குப் பார்த்தோம். பலருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி. பத்துக் கரண்டி என்றால் ஏறக்குறைய 40 கிராம் சீனி. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு மாதத்தில் வெறும் சாயம் குடிக்கப் பழகிவிடலாம். மலையில் கித்துள் கருப்பட்டியையும், வடக்கில் பனங்கட்டியையும் "இது சீனி இல்லத்தானே" என்று கடிப்பவர்கள் உண்டு. தேனும் சேர்த்து இவை எல்லாமே இரத்தத்தில் சீனியாகத்தான் சேரும். மென்பானப் போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் அதில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது என்று பொருள். அதை வாங்கவே வேண்டாம்.

சோற்றைக் கைவிடச் சொல்லவில்லை. கோப்பையை மனதால் நான்காகப் பிரியுங்கள். பாதி கீரையும் மரக்கறியும், கால்வாசி பருப்பு, கௌப்பி, கடலை, முட்டை அல்லது மீன், மீதிக் கால்வாசிதான் சோறு. சிவப்பரிசி நல்லது. குரக்கனும் நல்லது, ஆனால் குரக்கன் என்பதற்காக நான்கு ரொட்டி சாப்பிட்டால் பலனில்லை. சோற்றோடு உருளைக்கிழங்கு, மரவள்ளி, பலாக்காய் சேர்த்தால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும். முதலில் மரக்கறியையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சீனி மெதுவாக ஏறும்.

மரக்கறி விலை ஏறிவிட்டது என்பது உண்மை. ஆனால் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, அகத்தி, வாழைப்பூ ஆகியவற்றுக்குக் காணியும் பணமும் அதிகம் தேவையில்லை. பழைய வாளியில் கீரை வளர்க்கும் சகோதரிகள் எமது குழுவில் இருக்கிறார்கள்.

இன்னொரு விடயம். எமது வீடுகளில் பெண்தான் கடைசியாகச் சாப்பிடுகிறாள். கறி முடிந்திருக்கும், சோறும் சொதியும்தான் மிச்சம். காலையில் வெறும் தேத்தண்ணி, இரவில் ஒரேயடியாகப் பெருஞ்சோறு. சீனி வியாதிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. உங்கள் பங்கு மரக்கறியைப் பரிமாறும் முன்பே எடுத்து வையுங்கள். அது சுயநலம் அல்ல.

நடை, கைப்பிடி

வாரத்துக்கு 150 நிமிடம் சற்று வேகமான நடை போதும். அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தாலே நாளொன்றுக்கு 30 நிமிடம் ஆகிவிடும். சாப்பிட்டபின் ஏறும் சீனியும் அதில் குறையும். தனியாக நடந்தால் ஊர் பேசும் என்று தயங்குபவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களில் வழக்கமான பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

"நாள் முழுக்க மலையில ஏறி இறங்குறோம், இன்னும் என்ன நடக்க?" என்று கொழுந்து பறிக்கும் சகோதரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குக் குறைவாக இருப்பது நடை அல்ல. ரொட்டி, உப்புச் சம்பல், சீனித் தேத்தண்ணி, வெற்றிலையோடு போடும் புகையிலை, போதாத நித்திரை ஆகியவற்றில்தான் அவர்கள் மாற்றம் செய்ய வேண்டும். புகையிலையில் உள்ள நிக்கொட்டின் ஒவ்வொரு முறையும் பிரஷரை ஏற்றும். வெற்றிலையைச் சட்டென்று விட முடியாவிட்டால் முதலில் புகையிலையை விடுங்கள்.

காலை இழந்தவர்களும், முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களும் மனம் தளர வேண்டாம். இருந்தபடியே செய்யக்கூடிய கைப்பிடிப் பயிற்சி பிரஷரைக் குறைக்கும் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. துணியை இறுகச் சுருட்டியோ, றப்பர் பந்தையோ உங்கள் முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கால் 2 நிமிடம் பிடியுங்கள். ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு தடவை, வாரத்துக்கு மூன்று நாள். மூச்சை அடக்கக்கூடாது. பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும். பிரஷர் 180க்கு மேல் இருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள்.

மூச்சும் நித்திரையும்

நிமிடத்துக்கு ஆறு தடவை மட்டும் வரும்படி மெதுவாக மூச்சு விடுவது இதயத்தை அமைதிப்படுத்தும். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. தினமும் 10 நிமிடம். 2001இல் இத்தாலிய வைத்தியர்கள் செபமாலை சொல்வோரையும், யோக மந்திரம் சொல்வோரையும் அளந்து பார்த்தபோது இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறளவுக்கு இறங்கியதைக் கண்டார்கள். ஆகவே உங்கள் சமயத்தில் மெதுவாகச் சொல்லும் செபமோ, நாமமோ, திக்ரோ எதுவானாலும் பயன்படுத்தலாம். எமது நாட்டில் யுத்த உளப்பாதிப்புக்குச் சிகிச்சை அளித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும் இத்தகைய பண்பாட்டு வழிகளைச் சிகிச்சையோடு இணைத்தவர்.

கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருகின்றன என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் கண்ணைத் திறந்தபடி, பாதத்தை நிலத்தில் ஊன்றி, எதிரே ஒரு பூவையோ மரத்தையோ பார்த்துக்கொண்டு செய்யுங்கள். அப்போதும் பதற்றம் கூடினால் நிறுத்திவிடலாம். மூச்சுப் பயிற்சி எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்றில்லை.

நித்திரை குறைந்தால் பிரஷரும் சீனியும் கூடும். பின்னேரத்துக்குப் பின் தேத்தண்ணி வேண்டாம். ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்புங்கள். கெட்ட கனவும் அழுகையும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதுவும் நோய்தான், அதற்கும் வைத்தியம் உண்டு. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குத் தமிழிலும் பேசலாம்.

கை மருந்து பற்றி

பாகற்காய், வெந்தயம், குறிஞ்சா இலை ஆகியவற்றை உணவாகச் சாப்பிடுவது நல்லதே. சிங்கள மக்கள் கோத்தல ஹிம்புட்டு மரக் கிண்ணத்தில் இரவு ஊற்றிவைத்த தண்ணீரைக் காலையில் குடிப்பர். அம்மூலிகை சேர்ந்த தேநீரை 51 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இலங்கை ஆய்வு 2005இல் வெளிவந்தது. அவர்களின் சீனி ஓரளவு குறைந்தது. ஆனால் அவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தவர்கள். நாமாகவே குளிசையோடு இதையும் கூட்டிக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். குளிசையை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பினால் சீனி ஏறிவிடலாம். இன்னொன்று: இருமலுக்குக் குடிக்கும் அதிமதுரம் பிரஷரைக் கூட்டும். தினமும் குடிக்க வேண்டாம். எந்தக் கை மருந்து எடுத்தாலும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதற்றமா, சீனி இறங்கியதா?

இது யுத்தத்தைக் கண்ட பெண்கள் தெரிந்திருக்க வேண்டிய முக்கிய விடயம். திடீரென வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் பலர் "பழைய பயம் வந்துவிட்டது" என்று படுத்துவிடுகிறார்கள். நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அது சீனி இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். சந்தேகமென்றால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் குறையாவிட்டால் இன்னொரு முறை குடித்துவிட்டு ஏதாவது சாப்பிடுங்கள். அது பயமாகவே இருந்தாலும் அந்தச் சீனியால் கெடுதல் இல்லை. விரதம், நோன்பு பிடிக்க விரும்புவோர் குளிசையை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள்.

பாதத்தைப் பாருங்கள்

சீனி கூடியவருக்குக் கால் மரத்துப்போகும். முள் குத்தியதும் அட்டை கடித்ததும் தெரியாது. இரவில் கால் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் நிலத்தில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்பைப் போடும் முன் தட்டுங்கள். சிறு புண்ணுக்கும் அன்றே மருந்து கட்டுங்கள். ஏற்கெனவே ஒரு காலை இழந்த சகோதரிகளுக்கு மற்றக் கால்தான் முழு ஆதாரம். பொய்க்கால் பொருத்தும் இடத்திலும் உரசலோ சிவப்போ உண்டா என்று தினமும் பாருங்கள். பொய்க்கால் சரியாகப் பொருந்தாவிட்டால் வலியைச் சகித்துக்கொண்டு நடக்காமல் அதைச் செய்தவர்களிடம் திரும்பக் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை இதற்காகத்தான் இருக்கின்றன.

ஓர் அக்காவின் ஆறு மாதம்

எமது குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் இருக்கிறார். கிளிநொச்சியிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்தவர், இறுதி யுத்தத்தில் மகனைத் தவறவிட்டவர். முதன்முறை அளந்தபோது அவரது பிரஷர் 172/104. குளிசை வீட்டில் இருந்தது. தலையிடிக்கும் நாளில் மட்டும் போடுவார். "யாருக்காக இருந்து என்ன செய்ய?" என்பார். அவருக்கு யாரும் நீண்ட உபதேசம் செய்யவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா தினமும் மாலையில் "நங்கி, யமு" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து நடக்க அழைத்துப்போனார். உப்புப் பைக்கற்றில் திகதி எழுதினார்கள். குளிசையைப் பல் விளக்கும் தூரிகைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஆறு மாதத்தின் பின் கிளினிக்கில் 138/86. அவருடைய துக்கம் தீரவில்லை. ஆனால் இப்போது அவர் மற்றவர்களின் கிளினிக் திகதியை ஞாபகப்படுத்துகிறார். இதில் குளிசை எவ்வளவு, நடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

குளிசையும் கிளினிக்கும்

பழக்கம் மாறி, எண்கள் தொடர்ந்து இறங்கினால் வைத்தியரே குளிசையைக் குறைப்பார். அப்படிக் குறைக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த முடிவு அவருடையது. "இப்ப நார்மல்" என்று நாமாக நிறுத்தினால் சில நாளில் பழைய நிலைதான். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது குளிசையைப் பாதியாக உடைத்தும், ஒருநாள் விட்டு ஒருநாளும் எடுத்தவர்கள் பலர். இனி அப்படியொரு நிலை வந்தால் தாமாகக் குறைக்காமல் கிளினிக்கில் மாற்று மருந்து கேட்க வேண்டும். பழக்கத்தை முன்பே சரிசெய்தவருக்கு அப்படியான காலத்தைத் தாங்குவது சற்று இலகு.

பிரஷர் அளக்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். மேட்டில் ஏறி இறங்கி வந்த களைப்போடு அளந்தால் கூடிய எண்தான் வரும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் நிலத்தில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேச வேண்டாம். எண்ணை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

35 வயதான பெண்கள் சுவநாரி கிளினிக்கில் பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம். 1996இல் தொடங்கிய இச்சேவை பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விசாரியுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களிலும் பரிசோதனை உண்டு.

முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், நெஞ்சு இறுகினால் காத்திருக்க வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதும் மந்திரிப்பதும் பிறகு. உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அதற்குப் பணம் இல்லை.

இந்த மாதம் தொடங்க வேண்டியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். ஆகவே இந்த மாதம் நான்கு மட்டும்:

1. உப்புப் பைக்கற்றில் திகதி எழுதுதல்.
2. ஒவ்வொரு தேத்தண்ணியிலும் அரைக் கரண்டி சீனி குறைத்தல்.
3. இராச்சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடத்தல், அல்லது கைப்பிடிப் பயிற்சி.
4. குளிசையைத் தவறாமல் எடுத்து, கிளினிக் திகதியை அயலில் உள்ள ஒருவருக்குச் சொல்லி வைத்தல்.

நான்காவதை விசேடமாக வற்புறுத்துகிறேன். நமக்காகச் செய்ய மனம் வராத நாளிலும், வாசலில் ஒருத்தி வந்து கூப்பிட்டால் எழுந்து போவோம். யுத்த காலத்தில் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு ஓடித்தான் உயிர் தப்பினோம். இந்த நோய்களுக்கும் அதே வழிதான். உங்கள் அயலில் குளிசையை விட்டுவிட்டு இருக்கும் ஒரு அக்காவோ அம்மாவோ நிச்சயம் இருப்பார். இந்தப் பக்கத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.